ருமேனியா பாடத்துக்காகவே இந்தக் கோர்ஸை வாங்கலாம்

குழந்தைப் பருவப் புறக்கணிப்பு பற்றிய இந்த வீடியோ கோர்ஸுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அதில் மூன்று ருமேனியா பாடத்துக்கே போய்விடும்.

முதல் பாதி முழுக்க ஜீனி. 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 13 வயதில் மீட்கப்பட்ட பெண். இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பிருந்தே ஒரே அறையில் அடைத்து, பகலில் நாற்காலியில் கட்டிவைத்து, சத்தம் போட்டால் அடி. மீட்ட பிறகு சொற்கள் நிறைய வந்தன, இலக்கணம்தான் கூடிவரவில்லை. சரி, அதற்காக இந்த ஒருத்தியை வைத்தே ‘குறிப்பிட்ட வயது தாண்டினால் மொழி வராது’ என்று அடித்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அடியும் தனிமையும் ஒரே பிள்ளைமேல் விழுந்திருக்கிறது, பிறவியிலேயே குறை இருந்ததா என்ற வாதமும் தீரவில்லை, இதில் எது எதைக் கெடுத்தது என்று எப்படிப் பிரிப்பது? ஆராய்ச்சிப் பணம் நின்றதும் வளர்ப்பு வீடுகளுக்குப் போய், அங்கேயும் கொடுமைப்பட்டு, வந்த பேச்சும் போனதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் கட்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட் பற்றிய பாடம் வேறு ரகம். அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்ததில் தொடங்கி, வளர்க்க முடியாமல் விடப்பட்ட பிள்ளைகளால் காப்பகங்கள் நிரம்பி வழிந்த கதை வரை நிதானமாகச் சொல்கிறார்கள். பிறகு ஆய்வு: காப்பகத்தில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 15 மாதத்துக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் மூன்றரை வயதில் ஏறக்குறைய வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே பேசினார்கள். இரண்டு வயதுக்கு மேல் போனவர்கள் காப்பகத்திலேயே இருந்தவர்கள் அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். ஒப்பிட ஆள் இருப்பதால் இதை நம்ப முடிகிறது.

எனக்குப் பிடித்தது பழக்கவழக்கம் பற்றிய பகுதி. முன்பின் தெரியாத ஒருவர் ‘வா, ஒன்று காட்டுகிறேன்’ என்றதும், பெரியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடவே கிளம்பிவிடும் காப்பகப் பிள்ளைகள். நாமானால் ‘எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும், சமத்து’ என்போம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடத்தில், இவர்தான் என் ஆள் என்ற பிடிப்பு வராமல் போனதன் விளைவு அது என்று விளக்குகிறார்கள். அழுதால் யாரும் வராத இடத்தில் குழந்தை அழுவதையே குறைத்துக்கொள்ளும் என்பதும் இதே பகுதியில்தான் வருகிறது, பாலர் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தவறாமல் பார்க்கவேண்டும்.

இரண்டாம் பாதியை முதலில் பாருங்கள், ஜீனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மொபைல் வேண்டாம், வரைபடத்தில் இருக்கும் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை.