புறக்கணிப்பா, போட்டியா: கம்போடிய எதிர்க்கட்சிக்கு எது கைகொடுக்கும்?

கம்போடிய தேசிய மீட்புக் கட்சி 2013-ல் 123 நாடாளுமன்ற இடங்களில் 55-ஐப் பிடித்தது. 2017 ஜூனில் நடந்த கம்யூன் தேர்தலில் 1,646 கம்யூன்களில் 489 அதன் கைக்கு வந்தன. சில கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிதான் கம்யூன். அதே ஆண்டு செப்டம்பரில் தலைவர் கெம் சொக்கா கைதானார். நவம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் கட்சியைக் கலைத்து, 118 பேருக்கு ஐந்தாண்டு அரசியல் தடை விதித்தது. அதற்குப் பிறகு எதிர்ப்பாளர்கள் முன் இருந்தவை முக்கியமாக இரண்டு வழிகள்: தேர்தலைப் புறக்கணிப்பது, அல்லது கையில் எஞ்சிய ஒரு கட்சியின் பெயரில் நிற்பது.

2018-ல் புறக்கணிப்பு. ‘சுத்தமான விரல்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே சிக்கல் இருந்தது. கம்போடியாவில் வாக்களித்தவரின் ஆள்காட்டி விரலில் அழியாத மை ஏறும். சிறிய கிராமத்தில் மறுநாள் காலை மை இல்லாத விரலோடு நடமாடுபவர் யார் என்று கிராமத் தலைவருக்குத் தெரிந்துவிடும். அரசு ஊழியரும் ஆலைத் தொழிலாளியும் இதற்கு அஞ்சுவது இயல்பு. அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு சுமார் 83 சதவீதம். எதிர்ப்பு வேறு வழியில் வெளிவந்தது: செல்லாத வாக்குகள் சுமார் 5,94,000. இரண்டாவதாக வந்த கட்சி பெற்றதைவிட அது அதிகம். ஆனால் செல்லாத வாக்குக்கு இடம் கிடையாது. ஆளும் கம்போடிய மக்கள் கட்சி 125 இடங்களையும் எடுத்துக்கொண்டது. புறக்கணிப்பால் கிடைத்த ஒரே பயன் அந்த வெற்றியை வெளிநாடுகள் சந்தேகத்தோடு பார்த்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஊருக்குள் எதையும் மாற்றவில்லை.

2022 ஜூன் கம்யூன் தேர்தலில் மெழுகுவர்த்திக் கட்சி நின்றது. மீட்புக் கட்சியின் முன்னாள் தலைவரும் வெளிநாட்டில் வாழ்பவருமான சாம் ரைன்சியின் பழைய கட்சிதான், பெயர் மட்டும் மாறியது. சுமார் 22 சதவீத வாக்கு. தலைவர் பதவி கிடைத்தது 1,652 கம்யூன்களில் வெறும் நான்கில். இந்த நான்கை மட்டும் பார்ப்பவர்கள் ‘இதற்கா நின்றார்கள்’ என்கிறார்கள். அவர்கள் பார்க்கத் தவறுவது மொத்தம் 11,622 கவுன்சிலர் இடங்களில் கிடைத்த 2,198-ஐ.

எந்த வழி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இந்த எண்தான். பட்டியல் முறை என்பதால் கம்யூனில் தோற்ற கட்சிக்கும் வாக்குக்கு ஏற்ப இடம் உண்டு. சபையில் உட்காரலாம், செலவுக் கணக்கைக் கேட்கலாம். பிறப்பு, திருமணப் பதிவு முதல் வாக்காளர் பதிவு வரை மக்கள் வந்து நிற்பது கம்யூன் அலுவலகத்தில்தான். அங்கே கட்சிக்காரர் ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இன்னொன்றும் உண்டு. நாட்டின் மேலவையான செனட்டின் 62 இடங்களில் 58-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்தக் கவுன்சிலர்களும்தான். 2024 பிப்ரவரியில் மெழுகுவர்த்திக் கட்சி தானே நிற்க முடியவில்லை. ஆனாலும் அதனோடு கூட்டுச் சேர்ந்த கெமர் வில் கட்சிக்கு மூன்று செனட் இடங்கள் கிடைத்தன. 2022-ல் ஒதுங்கியிருந்தால் அந்த மூன்றும் இல்லை.

இந்த வழியிலும் பள்ளங்கள் ஆழமானவை. 2017-ல் கட்சி கலைக்கப்பட்டபோது அதன் 5,007 கவுன்சிலர் இடங்களும் பறிபோய், பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கே பங்கிடப்பட்டன. கவுன்சிலர்களைக் கட்சி மாற வைக்கும் நெருக்கடியும் தொடர்கிறது. 2023 மே மாதம் மெழுகுவர்த்திக் கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாமல் போனது ஒரு காகிதத்தால். உள்துறை அமைச்சகம் கொடுத்த பதிவுச் சான்றிதழின் அசல் இல்லை என்று தேசியத் தேர்தல் குழு விண்ணப்பத்தை ஏற்கவில்லை. 2017-ல் தலைமையகத்தில் நடந்த சோதனையில் அசல் போய்விட்டது என்றது கட்சி. நகலை வைத்துத்தான் 2022-ல் நின்றிருந்தது; இம்முறை அது செல்லவில்லை. தேர்தல் முறையீடுகளை விசாரிக்கும் அரசமைப்புக் குழுவும் அதே மாதம் முடிவை உறுதிசெய்தது. 2023 ஜூலையில் 125-ல் 120 ஆளுங்கட்சிக்கு, மீதி ஐந்து அரச ஆதரவுக் கட்சியான ஃபுன்சின்பெக்குக்கு.

புறக்கணிப்போ இன்று முன்னைவிட விலை கூடியது. 2023 ஜூன் சட்டத் திருத்தப்படி வாக்களிக்காதவர் பின்னாளில் வேட்பாளராக நிற்கும் உரிமையை இழக்க நேரிடும். வாக்கைக் கெடுக்கத் தூண்டுவோருக்கும் தண்டனை உண்டு.

வெளிநாட்டிலிருந்து கட்சி நடத்துவது மூன்றாவது வழி. 2019 நவம்பரில் சாம் ரைன்சி திரும்ப முயன்றபோது பாரிஸிலேயே பாங்காக் விமானத்தில் ஏற்றப்படவில்லை. நிதி திரட்டவும் வெளியுலகில் பேசவும் அது உதவும். உள்ளூரில் எவ்வளவு பயன் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்த கம்யூன் தேர்தல் 2027-ல். வேட்பாளர் பட்டியலுக்கு முன்பே தயாராக வேண்டியது அமைச்சக முத்திரையோடு கூடிய அசல் பதிவுச் சான்றிதழ். அது தலைமையக அலமாரியில் இருக்கக் கூடாது.