ஆப்பிளா, ஆப்பிள் ஜூஸா?

கடித்துத் தின்பதா, பிழிந்து குடிப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு.

நார்ச்சத்து: நடுத்தர ஆப்பிளைத் தோலோடு தின்றால் சுமார் 4 கிராம். வடிகட்டிய ஜூஸில் அரை கிராம் தேறினால் பெரிது, மிச்சமெல்லாம் சக்கையோடு போய்விடும்.

சர்க்கரை: பழத்தில் 19 கிராம் போல, ஒரு டம்ளர் ஜூஸில் 24. பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும், ஆனால் பழத்தை மென்று முடிக்க ஐந்தாறு நிமிடமாவது ஆகும், ஜூஸோ நாலு மடக்கில் காலி, வயிறும் நிறையாது.

நிறம்: வெட்டிய துண்டின் மேல்பரப்பு மட்டும் பழுப்பாகும். பிழியும்போது செல்கள் மொத்தமாக நொறுங்கி, உள்ளிருக்கும் நொதி ஆக்சிஜனோடு சேர்வதால் ஜூஸ் முழுக்கவே நிறம் மாறும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் தாமதமாகும்.

வைத்திருக்க: பழம் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில், வீட்டு ஜூஸ் அன்றே.

பசிக்குப் பழம்தான். மெல்ல முடியாதவருக்கு ஜூஸ், சரி.