இணைகரமா, கூறுகளா, சமச்சீரா? நிகர மின்விசையைக் கணக்கிட எது நல்ல வழி

பல மின்துகள்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மின்துகளின் மீது மொத்தம் எவ்வளவு விசை? 1785-இல் கூலூம் வெளியிட்ட விதி (விசை மின்னூட்டங்களின் பெருக்கலுக்கு நேர்விகிதத்திலும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்) இரண்டு துகள்களுக்குத்தான் விடை சொல்லும். மற்றவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு துகளும் செலுத்தும் விசை மாறாது என்கிற மேற்பொருந்துதல் தத்துவம்தான் அதைப் பல துகள்களுக்கு நீட்டித் தருகிறது. ஆகவே விசைகளைத் தனித்தனியே காண்பதில் சிக்கல் இல்லை. அவற்றைக் கூட்டுவதில்தான் வழிகள் பிரிகின்றன.

விசைகள் இரண்டே என்றால் இணைகர விதியே சுருக்கமானது: இரண்டு விசைகளையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் மூலைவிட்டம்தான் அவற்றின் தொகுபயன், அதாவது மொத்த விசை. 10 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் முனைகளில் தலா +1 மைக்ரோகூலூம் இருக்கட்டும். ஒரு முனையிலுள்ள துகளை மற்ற இரண்டும் தலா 0.9 நியூட்டன் விசையுடன் தள்ளுகின்றன. இடைக்கோணம் 60 பாகை; தொகுபயன் 0.9 × √3, அதாவது ஏறக்குறைய 1.56 நியூட்டன். இன்னொரு துகள் சேர்ந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். முதல் தொகுபயனின் கோணத்தைக் கண்டு, அதை அடுத்த விசையோடு மறுபடி சேர்க்க வேண்டும். பிழை புகுவது அந்தக் கோணத்தில்தான்.

நான் பெரிதும் நம்புவது ஒவ்வொரு விசையையும் x, y திசைகளில் பிரித்து, திசைவாரியாகக் கூட்டும் கூறு முறையை. இதிலும் பலர் முதலில் கோணத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதற்குச் சைனும் கோசைனும் தேடுகிறார்கள். அந்தச் சுற்று வழி வேண்டவே வேண்டாம். ஆதிப்புள்ளியில் +1 மைக்ரோகூலூம், (3, 4) செ.மீ. புள்ளியில் இன்னொரு +1 மைக்ரோகூலூம் என்றால் தொலைவு 5 செ.மீ., விசை 3.6 நியூட்டன். அதை 3/5, 4/5 ஆகியவற்றால் பெருக்கினாலே கூறுகள் கிடைத்துவிடும்: 2.16, 2.88. ஆதிப்புள்ளியில் உள்ள துகள் விலகித் தள்ளப்படுவதால் இரண்டும் எதிர்க்குறி பெறும். துகள்கள் எத்தனை வந்தாலும் அட்டவணையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மின்னூட்டத்தின் குறியைச் சூத்திரத்திலும் போட்டு, படம் பார்த்துத் திசையையும் மாற்றினால் ஒரே குறி இருமுறை கணக்கில் ஏறிவிடும். அளவைக் குறியில்லாமல் கணக்கிட்டு, திசையைப் படத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் சமச்சீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கு ஐங்கோணத்தின் நான்கு முனைகளில் சமமான நேர் மின்துகள்கள், ஐந்தாவது முனை காலி, மையத்தில் ஒரு நேர் மின்துகள். கூறு முறையில் நான்கு விசைகள், எட்டுக் கூறுகள். ஐந்து முனைகளும் நிரம்பியிருந்தால் மையத்தில் விசை சுழி என்பதை நினைத்துக்கொண்டால் ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது: ஒரு துகள் தரும் விசையின் அளவு, காலி முனையை நோக்கிய திசை. ஒரு முனையில் மின்னூட்டம் இருமடங்கானாலும் இதே வழிதான். மிகுதியாக உள்ளதை மட்டும் கணக்கிட்டால் போதும்.

ஒரே இடத்தில் வெவ்வேறு மின்துகள்களை மாற்றி மாற்றி வைக்கும் கணக்காக இருந்தால், அங்குள்ள மின்புலத்தை (ஓரலகு மின்னூட்டத்தின் மீதான விசையை) ஒருமுறை கண்டுபிடித்து, ஒவ்வொரு மின்னூட்டத்தாலும் பெருக்கிக்கொள்ளலாம். அந்தப் புலத்தைக் காண்பதற்கும் கூறு முறைதான் கைகொடுக்கும்.