நோட் 16ல இருந்து 22: தடைக்காலத்துல மாத்தி ஒரு சீசன் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

மண்டபம் பக்கம் மீன் ஏலக்கணக்கு ஆப் ஒண்ணு செஞ்சு குடுத்து அதையே பொழப்பா பாத்துக்கிட்டு இருக்கேன். எந்தப் படகு, எத்தனை கிலோ நண்டு, எத்தனை கிலோ கணவாய், யாரு எடுத்தா, பாக்கி எவ்வளவுன்னு எல்லாம் அதுலதான் ஓடுது, உள்ள இருக்குறது நோட் ஜேஎஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கோட சர்வர்ல ஓட்டுற மென்பொருள். புது வேர்சன் வந்தா உடனே மாத்தணுமா, இருக்குறதையே வச்சு ஓட்டலாமான்னு நம்ம ஊரு பசங்க நிறைய பேரு கேக்குறாங்க, அதுனாலதான் நோட் 22க்கு மாறுன கதைய முழுசா எழுதுறேன்.

முதல்ல நான் தப்பு பண்ணுனத சொல்லிடுறேன். நோட் 16க்கு சப்போர்ட் 2024 ஏப்ரல் வரைக்கும் இருக்கும்னு சொல்லியிருந்தாங்க, ஆனா அதுக்குள்ள இருக்குற ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1ங்குற குறியாக்க லைப்ரரிக்கு 2023 செப்டம்பர் 11ஓட சப்போர்ட் முடியுதுன்னு 16ஐயும் அதே தேதிக்கு முடிச்சுட்டாங்க. நான் அதைப் படிச்சுட்டு பதறிப்போயி அந்த மாசமே ஒரு திங்கக்கிழமை நைட்டு சர்வர்ல பழைய ஃபோல்டர அழிச்சுட்டு நோட் 18ஐ விரிச்சேன். ஓடலை. ஜிலிப்சி (லினக்ஸ்ல ப்ரோக்ராம் ஓட வேண்டிய அடிப்படை லைப்ரரி) 2.28 இல்லைன்னு ஒரே ஒரு வரி வந்துச்சு. சர்வர்ல இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 18.04, அதுல ஜிலிப்சி 2.27தான், நோட் 18ல இருந்து நோட்காரங்க ரெடியா கட்டிக் குடுக்குற பைனரிக்கு 2.28 வேணும். அந்த எடத்துலயே 16ஐ திரும்ப எறக்கிப் போட்டுட்டு படுத்திருக்கணும். நான் என்ன பண்ணுனேன்னா உபுண்டுவையும் சேத்து ஏத்திருவோம்னு எறங்கிட்டேன், பாதில கனெக்சன் விட்டுப்போச்சு, சர்வர் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நின்னுருச்சு.

எங்க பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலைல ஏலம். செவ்வாக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு கணக்கப்பிள்ளை அண்ணே கூப்புடுறாரு, "தம்பி, பில்லு வரமாட்டேங்குதுப்பா, நண்டு ஏலம் ஓடிக்கிட்டு இருக்கு, ஏவாரி எல்லாம் சுத்தி நிக்கிறாங்க"ன்னு. பேக்கப்ல இருந்து எழுப்புறதுக்கு பத்தரை ஆயிருச்சு. அதுக்குள்ள அவரு ஐஸ் தண்ணி பட்டு ஊறிப்போன நோட்டுல பென்சிலால எழுதி வச்சிருந்தாரு, அதை நான் உக்காந்து ஒவ்வொண்ணா ஏத்துனேன், ரெண்டு படகுக்கு எடை தெளிவாத் தெரியலை, ரெண்டு ஓனருகிட்டயும் நானே போய் நின்னு பேசித்தான் தீத்தேன். கடலுக்குப் போயி ராத்திரி முழுக்க வலை இழுத்துட்டு வந்தவங்க கணக்கு அது. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனிமே வேர்சன் மாத்துறதுன்னா தடைக்காலத்துலதான்னு.

தெரியாதவங்களுக்கு: தடைக்காலம்னா மீன்பிடித் தடை, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசத்துலதான் படகைக் கரையேத்தி பலகை மாத்துவாங்க, இன்ஜின அவுத்து வேலை பாப்பாங்க, பெயிண்ட் அடிப்பாங்க. சீசன் நடுவுல இன்ஜின் லேசா சத்தம் போட்டாலும் ஓட்டுற அளவுக்கு சரிபண்ணி ஓட்டுவாங்களே தவிர முழுசா அவுக்க மாட்டாங்க. இம்புட்டு நாளும் இது கண்ணு முன்னாடி நடக்குது, நான்தான் என் வேலைல இதைச் செய்யாம இருந்திருக்கேன்.

2025 தடைக்காலத்துக்கு என் முன்னாடி மூணு வழி இருந்துச்சு. 18க்குப் போலாம், ஆனா அதுக்கு ஏப்ரல் 30ஓட சப்போர்ட் முடியுது, முடியப்போறதுக்கு எதுக்கு மாறணும். 20 இருக்கு, 2026 ஏப்ரல் வரைக்கும்தான். 22 2024 ஏப்ரல்ல வந்து அக்டோபர்ல எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் கெடைக்கிற வேர்சன்) ஆனது, 2027 ஏப்ரல் வரைக்கும் கெடைக்கும். 22னு முடிவு பண்ணிட்டேன். நடுவுல மே மாசம் 24 வந்துருச்சு, ஆசை வந்துச்சு, ஆனா தொடல. நோட்ல இரட்டைப்படை வேர்சன் வெளிய வந்து ஆறு மாசம் கழிச்சுதான் எல்டிஎஸ் ஆகும், அந்த ஆறு மாசமும் மத்தவங்க போட்டுப் பாத்து லைப்ரரிக்காரங்க எல்லாம் சரிபண்ற காலம். இதுல ஒத்தப்படை வேர்சன் எல்டிஎஸ்சே ஆகலை, 17, 19, 21 எல்லாம் வேடிக்கை பாக்கத்தான், ஏவாரத்துக்குப் போடாதீங்க.

வேலை எப்புடிப் போச்சுன்னா, சர்வர் பக்கம் கோடு ரெண்டே நாள்ல முடிஞ்சுருச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ஸ்க்ரீன் பக்கம்தான் உயிர எடுத்துருச்சு. அது ஸ்க்ரீன் கோட எல்லாம் சேத்துக் கட்டுற வெப்பேக் 4ங்குற டூல்ல கட்டுனது, பில்ட் குடுத்த உடனே டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்னு செவப்புல வந்து நின்னுச்சு. விசயம் என்னன்னா வெப்பேக் 4 ஃபைலுக்கு ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு அடையாளம்) போட எம்டி4ங்குற பழைய முறைய எடுத்துக்குது, நோட் 17ல இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3 உள்ள வந்துருச்சு, அதுல எம்டி4ஐ பழசுன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க. லெகஸி ப்ரொவைடர்னு ஒரு ஆப்சன் குடுத்தா ஓடும், தேடுனா எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. நான் அதைப் போடல, ஏன்னா ஓட்டை விழுந்த பலகை மேல பெயிண்ட் அடிக்கிற வேலை அது. ரெண்டு மாசம் கையில இருந்துச்சு, அதுனால வெப்பேக்கையே எடுத்துட்டு அதே வேலை பாக்குற வைட்டுங்குற டூலுக்கு மாத்துனேன், ஸ்டைல் ஃபைல மாத்திக் குடுக்குற நோட் சாஸ்ங்குற பேக்கேஜ கழட்டிட்டு சாஸ்ங்குற பேக்கேஜ போட்டேன். பழைய நோட் சாஸ் ஒவ்வொரு நோட் வேர்சனுக்கும் தனியா கம்பைல் ஆகணும், அதுக்கு பைத்தான் வேணும், பைத்தான் 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ்ங்குற பகுதியையே எடுத்துட்டாங்க, அதுனால கம்பைல் பண்ற பழைய நோட் ஜிப் டூல் அங்கயும் விழும். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு வரும், வேர்சன் மாத்துறதுக்கு எத்தனை நாள் ஆகும்னு கணக்குப் போடும்போது இந்தத் தொடரத்தான் பாக்கணும், நோட் மட்டும்னு நெனச்சு ஒரு நைட்டுல எறங்கக்கூடாது.

பழசை அழிக்கவே இல்ல இந்தத் தடவை. என் லேப்டாப்புல என்விஎம்னு பல நோட் வேர்சன ஒண்ணா வச்சுக்குற டூல் போட்டு 16ம் 22ம் பக்கத்துல பக்கத்துல வச்சேன், ப்ராஜக்ட் ஃபோல்டர்ல என்விஎம்ஆர்சின்னு ஒரு சின்ன ஃபைல்ல 22னு எழுதி வச்சுட்டா கூட வேலை பாக்குற தம்பிக்கும் அதே வேர்சன்தான். சர்வருக்கும் அப்புடியே, உபுண்டு 22.04ல புதுசா ஒண்ணு எடுத்து அதுல ஏத்திட்டு பழசையும் ஓடவிட்டேன். பாம்பன் ரயில் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்துனாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6தான் தொறந்தாங்க, ரெண்டு வருசத்துக்கு மேல ரயிலு மண்டபத்தோட நின்னுச்சு. ஆனாலும் ரோட்டுப் பாலம் இருந்ததுனால ராமேஸ்வரம் போக வழி இருந்துச்சு. அந்த ரெண்டாவது வழிக்குத்தான் ஒரு மாச சர்வர் வாடகை சேத்துக் கட்டுனேன், ஒரு ரூவா கூட வீணில்ல.

ஒரு சிக்கல் மட்டும் சொல்றேன், என்விஎம்ல போட்ட நோட, சர்வர்ல ப்ரோக்ராம ஓடவைக்கிற சிஸ்டம்டி சர்வீஸ் தானா கண்டுபுடிக்காது, முழுப் பாதையும் எழுதணும், நான் இதுல அரை நாள் தொலைச்சேன். சர்வர்ல பேக்கேஜ் எறக்க என்பிஎம் இன்ஸ்டால் போடாதீங்க, என்பிஎம் சிஐ போடுங்க, பேக்கேஜ் வேர்சன பூட்டி வச்சிருக்குற லாக் ஃபைல்ல என்ன இருக்கோ அதை மட்டும்தான் எறக்கும்.

இப்ப 22 எப்புடி இருக்குன்னா, நல்லா இருக்கு. வேற சர்வர்ல இருந்து தகவல் எடுக்குற ஃபெட்ச் உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ் வைக்கிற என்வ் ஃபைல் படிக்க தனி பேக்கேஜ் வேணாம், கோடு மாறுனா தானா திரும்ப ஓட்டுற வாட்ச் மோடு இருக்குறதால அதே வேலை பாத்த நோடுமான கழட்டிட்டேன், டெஸ்ட் ரன்னரும் கூடவே வருது. நாலு அஞ்சு பேக்கேஜ் கொறஞ்சுருச்சு, அடுத்த தடவை மாத்தும்போது அம்புட்டு தலைவலி கொறவு. பில்ட் ஒரு நிமிசத்துக்கு மேல எடுத்தது இப்ப பத்து செகண்டுக்குள்ள முடியுது, ஆனா அது வைட்டு குடுத்த வேகம், நோட் கணக்குல சேக்கக்கூடாது. கொறைன்னா ப்யூனிகோடுங்குற உள்பகுதி பழசாயிருச்சுன்னு (டெப்ரிகேட்டட்) சர்வர் பதிவுல வந்துக்கிட்டே இருந்துச்சு, எந்தப் பேக்கேஜ் கூப்புடுதுன்னு தேடி அதை மேல ஏத்துன பெறகு போயிருச்சு. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

தடை முடிஞ்சு மொத ஏலத்தன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கே நான் மீன் எறங்குதளத்துல போய் நின்னேன். நல்ல இறால் பாடு. மொத பில்லு வந்தப்ப அண்ணே பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ரெண்டு மாசம் வேலைன்னியேப்பா, எல்லாம் அப்புடியேதான இருக்கு"ன்னாரு. எனக்கு அதைவிட வேற என்ன வேணும்.

16லயே இன்னும் இருக்குறவங்க தள்ளிப்போடாதீங்க, பாதுகாப்புப் பேட்ச் எதுவும் வராது, காசு கணக்கு அதுல ஓடுதுன்னா ரொம்பவே ஆபத்து. 20ல இருக்குறவங்களுக்கும் 2026 ஏப்ரல்தான் கெடு. நான் 2026 தடைக்காலத்துல 24க்குப் போயிருவேன், அது 2025 அக்டோபர்லயே எல்டிஎஸ் ஆயிருச்சு, 2028 ஏப்ரல் வரைக்கும் ஓடும். 22லயே இருந்தா 2027 ஏப்ரல் 30 கெடு, தடை தொடங்குறது 15, கையில பதினஞ்சு நாள்தான் இருக்கும், அது எனக்குப் பத்தாது.