தெருவில் பந்தி போட எந்தப் பந்தல்? பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கும் மூன்று வகை

ஆடிக் கூழ் ஊற்றுவதானாலும் வீட்டு வாசலில் காதுகுத்து விருந்தானாலும் பெங்களூர்ப் பந்தல் கடைகளில் காட்டுவது பெரும்பாலும் மூன்றுதான்: துணி சாமியானா, தகர ஷீட் பந்தல், ஜெர்மன் ஹேங்கர். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரி நெருக்கமான தெருக்களில் 200 பேர் சாப்பாட்டுக்கு எங்கள் ஓட்டு தகர ஷீட்டுக்கு. அதிலும் குறை உண்டு.

முதலில் இடக் கணக்கு. 18க்கு 36 அடி சாமியானாவில் "அறுபது பேர் தாராளமா உட்காரலாம்" என்பார்கள். நாற்காலி மட்டும் போட்டுப் பேச்சுக் கேட்பதென்றால் உட்காரலாம். இலை போட்டால் 30 பேர்தான். நாற்காலிக்கு இரண்டரை அடி, மேசைக்கு 2 அடி, சாம்பார் வாளியோடு நடக்க மூன்றரை அடி, எதிர் வரிசைக்கு மறுபடி மேசை, நாற்காலி. பன்னிரண்டரை அடி போயிற்று. மிச்சமுள்ள ஐந்தரை அடி, உட்கார்ந்தவர்களின் முதுகுப் பக்கம் ஆள் போகவர. நீளவாக்கில் இரு முனையிலும் 3 அடி விட்டால் 6 அடி மேசை ஐந்து, மேசைக்கு மூன்று பேர். 200 பேரை நாலு பந்தியில் முடிக்க, பந்திக்கு 50 பேருக்கு இடம் வேண்டும்; அதாவது இந்த அளவில் இரண்டு. கை கழுவும் இடமும் சமையல் கொட்டகையும் இதில் சேராது.

சாமியானா வாடகை குறைவு, ஒரு மணி நேரத்தில் நட்டுவிடுவார்கள், பார்க்கவும் அழகு. வெயிலுக்கு அது போதும். மழைக்கு ஆகாது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். 18க்கு 36 என்பது சுமார் 60 சதுர மீட்டர்; 40 மில்லிமீட்டர் கொட்டினால் 2,400 லிட்டர். துணி தொய்ந்த இடத்தில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் அகலத்தில் சராசரி 10 சென்டிமீட்டர் தேங்கினாலே 400 கிலோ. யாராவது கழியால் குத்தித் தள்ளுவார்; அது முழுக்க ரசத்தில் இறங்கும். மேலே தார்ப்பாய் போட்டுத் தருகிறோம் என்பார்கள். சரிவு இல்லாமல் தார்ப்பாய் போடுவது தொட்டி கட்டுவதுதான். நடுக்கம்பம் ஓரக்கம்பத்தைவிட 3 அடியாவது உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தகர ஷீட்டில் சரிவு அமைப்பிலேயே வருகிறது. கிடையாக 6 அடிக்கு 1 அடி இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காது. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரை அடி ஏறியிருக்க வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் பழைய ஆணி ஓட்டைகளில். ஏற்றுவதற்கு முன் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓட்டை தெரிந்துவிடும். இரண்டு பந்தல் சேரும் பள்ளத்தில்தான் இரு பக்கத் தண்ணீரும் விழும். அங்கே வாய்க்கால் தகடு மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் சேர்மானத்தை ஆள் நடக்கும் வழிக்கு மேல் வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். குறைகள்: மதியம் அனலடிக்கும், அடியில் சீலிங் துணி கட்டினால் கொஞ்சம் தணியும். மழை பெய்தால் மைக்கில் பேசுவது ஒன்றும் கேட்காது. பந்தியில் அது நல்லதுதான்.

உண்மையான ஆபத்து காற்று. ஏப்ரல், மே மாலை இடிமழைக்கு முன்னால் அடிக்கும் காற்றிலும் ஆடிக் காற்றிலும் பந்தல் மேலே எழும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தம் தரும். 60 சதுர மீட்டருக்கு 360 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு, 800 கிலோவைத் தொடும். தார் ரோட்டிலும் கான்கிரீட்டிலும் முளை அடிக்க முடியாது என்பதால் ஆட்கள் கயிற்றை மின்கம்பத்திலும் பக்கத்து வீட்டு காம்பவுண்டு கேட்டிலும் கட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஓரத்திலுள்ள ஆறு கம்பத்துக்கும் தலைக்கு ஒரு 200 லிட்டர் டிரம், விளிம்புவரை தண்ணீர்: மொத்தம் 1,200 கிலோ. காலி டிரம்மைக் கொண்டுவந்து வைத்து "அப்புறம் ரொப்பிக்கலாம்" என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். கயிறு ரொம்பப் படுத்தாற்போல் போனால் டிரம் ரோட்டில் வழுக்கும், செங்குத்தாக இறக்குங்கள். கழன்ற தகரம் அரிவாளுக்குச் சமம், ஆகவே ஒவ்வொரு ஷீட்டுக்கும் நான்கு மூலையிலும் கொக்கி போல்ட். வெறும் கம்பிக்கட்டு போதாது.

ஜெர்மன் ஹேங்கர் பெரிய மைதான நிகழ்ச்சிக்கானது. நடுவில் கம்பமே இல்லாத அலுமினியச் சட்டம், பி.வி.சி. பூசிய துணி, மழையில் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் லாரி உள்ளே வர வேண்டும், ஏற்றி இறக்க ஆள் பட்டாளம் வேண்டும். 20 அடித் தெருவில் இதை விலை கேட்பதே வீண்.

தீ விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே அளவுகோல். 1981 பிப்ரவரி 7 அன்று இதே பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 92 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தற்காலிகப் பந்தலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 8758. உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்கு நேர் கீழே பந்தல் கூடாது என்கிறது. சீலிங் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தள்ளிப் போய் லைட்டரில் காட்டுங்கள். எரிந்துகொண்டே சொட்டினால் அந்தத் துணி வேண்டாம். எதிரெதிரே 5 அடி வாசல் இரண்டு, அவற்றை மறைத்து ஐஸ்கிரீம் மேசை போடக் கூடாது. 19 கிலோ சிலிண்டரும் அடுப்பும் தனிக் கொட்டகையில், சுற்றிலும் தகரம், மேலே துணியே இல்லாமல். விளக்கு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லுங்கள்.

ரேட் பேசும்போது சதுர அடிக் கணக்கா, பீஸ் கணக்கா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். டிரம், வாய்க்கால் தகடு, பக்கத் துணி, ஏற்றுகூலி, மறுநாள் பிரிக்கும் நேரம் எல்லாம் பில்லில் எழுதி வரட்டும். தெருவை அடைப்பதற்குக் காவல் நிலையம், மாநகராட்சி அனுமதியும், தற்காலிக மின் இணைப்புக்கு மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் அனுமதியும் யார் வாங்குவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மீதிப் பணத்தை டிரம் நிரம்பிய பிறகு கொடுங்கள்.