கோதுமை படாத மாவு மிஷின்: ஒன்றரை வருடம் வைத்து அரைத்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு மாவு மிஷின் நிற்கிறது. இடுப்பு உயரம், ஒரு குதிரைசக்தி மோட்டார், மேலே தானியம் கொட்டும் வாய், கீழே மாவு விழும் எவர்சில்வர் டப்பா. குஜராத்தில் செய்தது. 16,500 ரூபாய்க்கு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தெருவுக்குத் தெரு மிஷின் இருக்கும்போது வீட்டுக்கு ஒன்று எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்களுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு, அது எப்படி உழைக்கிறது என்று சொல்கிறேன்.

என் பையனுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில்தான் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் வயிறு உப்பும், அடிக்கடி பேதியாகும், எடை 17 கிலோவைத் தாண்டவே இல்லை. ஓரிடத்தில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், இன்னோரிடத்தில் இரும்புச்சத்து டானிக். கடைசியில் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் செய்துதான் விடை கிடைத்தது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனால், அவன் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அந்தப் புரதத்தை ஆயுள் முழுக்க விடுவதுதான் வைத்தியம். நம் பக்கம் இது அபூர்வம். 2016-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். சோறு தின்னும் ஊரில் யாருக்கும் முதலில் இது தோன்றாது என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் மட்டும் இன்னும் தாங்கவில்லை.

சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி. நம் சாப்பாட்டில் கோதுமையே கொஞ்சம்தானே, சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்று தெரிந்ததும் அதையும் தூக்கிப் போட்டேன். (சாம்பாரும் ரசமும் கொதிக்கிற வீட்டில் இருப்பவர்கள் இன்றே பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.) அப்படியும் மாதத்தில் நாலு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். நாங்கள் பார்க்கும் உணவு ஆலோசகர் ஒரு நாள், "அரிசி மாவு எங்கம்மா அரைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மிஷினுக்குப் போய் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்தார். அது முடிந்ததும் அதே வாயில் என் பச்சரிசியைக் கொட்டினார்கள். மாவு இறங்கும் துணிக்குழாயைக் குச்சியால் இரண்டு தட்டு தட்டினார் மிஷின்காரர். அந்தத் துணியின் மடிப்புகளில் எத்தனை வீட்டு மாவு ஒட்டியிருக்கும்! அவர் நல்ல மனுஷர். விஷயத்தைச் சொன்னதும், "காலையில முதல் ஆளா வாங்கம்மா, உங்களுக்கு அரைச்சிட்டுதான் மத்தவங்களுக்கு" என்றார். ஆனால் முந்தின நாள் ராத்திரி அரைத்த கோதுமை உள்ளேதானே இருக்கும்.

குளூட்டன் இல்லாத உணவு என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். கணக்குப் போட்டால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். அது ஒரு சிட்டிகைகூட இல்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே சொந்தமாக மிஷின் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மிஷினை மாட்டிக் காட்ட வந்த பையன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே கோதுமை! ஓட்டிக் காட்ட எல்லா வீட்டிலும் அதைத்தான் போடுவார்களாம். நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றேன். "தம்பி, அதை உள்ள போடாதீங்க" என்று தடுத்து, எங்கள் அரிசியை எடுத்துக் கொடுத்தேன். தொழிற்சாலையிலும் இப்படி ஓட்டிப் பார்த்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது. மிஷினுக்குள் அரைக்கும் அறையையும் கத்திகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, முதல் மூன்று கிலோ அரிசி மாவை எதிர்வீட்டு மாட்டுக்குத் தவிட்டோடு கலந்து கொடுத்துவிட்டேன். இதே காரணத்துக்காக வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இனி அரைப்பு. ஆறு சல்லடைத் தகடுகள் கூட வந்தன. மிக நுண்ணியதில் பச்சரிசி பவுடர் போல வருகிறது, கிலோவுக்கு ஏழெட்டு நிமிடம். நடுத்தரமானதில் கேழ்வரகும் தினையும் அரைக்கிறேன். பெரிய துளைத் தகட்டில் புழுங்கலரிசியைப் போட்டால் உப்புமாவுக்கு ரவை. இந்த அரிசி ரவைக்காகவே நான் மிஷினை மெச்சுவேன், ரவா உப்புமா கேட்டு அழுத பிள்ளைக்கு அதை வைத்துத்தான் செய்து போட்டேன். இன்னொன்று கம்பு. கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசந்துவிடும். அதனால் முன்பு கம்பையே வாங்க மாட்டேன். இப்போது வாராவாரம் அரைக் கிலோ மட்டும் அரைக்கிறேன், அடையில் கசப்பே இல்லை. தானியங்களை மண்டித் தெருவில் முழுசாகத்தான் வாங்குகிறேன், மாவாக எதையும் வாங்குவதில்லை. முறத்தில் போட்டு ஒவ்வொரு முறையும் பார்ப்பேன், தினையில் இரண்டு மூன்று கோதுமை மணி கிடந்ததும் உண்டு. பொறுக்கி, கழுவி, மாடியில் காயவைக்க வேண்டும். வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுவார்கள், சித்திரையில் ஒரே பகலில் தானியம் காய்ந்து கலகலவென்று ஆகிவிடுவதைப் பார்த்தால் எனக்குத் திட்ட மனம் வருவதில்லை.

ரொட்டியும் செய்கிறேன். குளூட்டன்தான் மாவுக்குள் வலை மாதிரி நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் ரொட்டி செங்கல்தான். மருந்துக்கடையில் விற்கும் இசப்கோல் உமியைத் தண்ணீரில் ஊறவைத்தால் கூழாகும், அந்தக் கூழ் வலையின் வேலையை ஓரளவு செய்யும். அரிசி மாவு, கேழ்வரகு மாவு, கொஞ்சம் சோள ஸ்டார்ச், ஈஸ்ட். பிசையாமல் கெட்டியான தோசை மாவு பதத்தில் கலந்து, ஒரே முறை பொங்கவிட்டு, ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பில் வேகவைக்கிறேன். முழுசாக ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், சூட்டில் வெட்டினால் உள்ளே பசையாக இருக்கும். மாவு நைசாக இல்லாவிட்டால் பல்லில் மணல் போல நெறுநெறுக்கும். இந்த மிஷினில் அந்தக் குறை இல்லை.

ஆனால் மிஷினின் நிஜமான பரீட்சை மக்கன் பேடாதான். என் மாமனார் ஆற்காட்டுக்காரர். எப்போது வந்தாலும் கையில் ஒரு டப்பா மக்கன் பேடா இருக்கும். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரியும் திராட்சையும் வைத்து, பொரித்து, பாகில் ஊறப்போடுவது. மைதா இருப்பதால் பையனுக்கு ஆகாது. வெறுங்கையோடு வர மனமில்லாமல் அவர் வருவதையே குறைத்துக்கொண்டார், எனக்கு அது பெரிய வேதனை. இனிப்பில்லாத கோவா 250 கிராம், மிக நைசான அரிசி மாவு 60 கிராம், கூவைக்கிழங்கு மாவு இரண்டு ஸ்பூன், பொடித்த இசப்கோல் அரை ஸ்பூன், நெய், ஒரு சிட்டிகை சோடா என்று சேர்த்துப் பார்த்தேன். முதல் தடவை இசப்கோல் போடவில்லை, எண்ணெயிலேயே கரைந்து போயிற்று. இரண்டாவது தடவை தீ அதிகம், வெளியே கறுத்து உள்ளே வேகவில்லை. நாலாவது தடவை, மெல்லிய தீயில், உருண்டைகள் மெதுவாக மேலே எழும்பி வந்தன. கடைப் பேடாவின் அடுக்கடுக்கான மொரமொரப்பு இதில் கிடையாது, குலாப் ஜாமூனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கும். தாத்தாவும் பேரனும் ஒரே தட்டில் எடுத்துத் தின்றார்கள். இப்போதெல்லாம் அவர் வரும்போது கையில் கோவா இருக்கிறது.

சரி, குறைகள். ஈர அரிசியை இதில் அரைக்கவே முடியாது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு தெருமுனை மிஷினில் அரைக்கும் மாவில்தான் இடியாப்பமும் கொழுக்கட்டையும் மிருதுவாக வரும். இதில் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஊறிய அரிசியை முழுசாகக் காயவைத்து அரைத்து, மாவை வறுத்துத்தான் இடியாப்பம் பிழிகிறேன். அம்மா வீட்டு இடியாப்பத்தின் மென்மை அதில் இல்லை. எள், வேர்க்கடலை மாதிரி எண்ணெய் விடுவதும் கூடாது. சத்தம் மிக அதிகம், ஓடும்போது போன் பேச முடியாது, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது. மூடியின் ஓரத்தில் மாவுத்தூள் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன். மாவு சூடாக விழுகிறது, ஆறும் முன் டப்பாவை மூடினால் வியர்த்துக் கட்டியாகிவிடும். மின்சாரம் பயந்த அளவு இல்லை, ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் சுமார்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் இரண்டு கிலோ கோதுமையோடு வந்தார். "அக்கா, கோச்சுக்காதீங்க, இதுல கோதுமை மட்டும் போட முடியாது" என்றேன். முகம் வாடிவிட்டது. பையனின் கதையை உட்காரவைத்துச் சொன்ன பிறகு, இப்போது தன் வீட்டுக்கு வருபவர்களிடம் அவரே அதை எடுத்துச் சொல்கிறார்.

வீட்டில் சீலியாக் உள்ளவர் இருந்தால் வாங்குங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தாலும் வாங்கலாம். சும்மா கோதுமையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை, தெருமுனை மிஷினே போதும்.

போன மாதம் நுண் சல்லடை கிழிந்தது. உள்ளூரில் கிடைக்கவில்லை. புதியது 350 ரூபாய், கூரியரில் வர ஆறு நாள் ஆயிற்று. இரண்டாக வாங்கி ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன்.