டிஸ்காக்ஸில் சோல் 45: பதிப்பை நம்பலாம், தரக்குறியைச் சரிபார்க்க வேண்டும்

அறுபதுகளின் அமெரிக்க சோல் இசைத்தட்டுகளை, அதிலும் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டுகளான 45-களைத் தேடுகிறவர்கள் இன்று முதலில் போய் நிற்கும் இடம் டிஸ்காக்ஸ். 2000-இல் கெவின் லெவண்டோவ்ஸ்கி மின்னிசைத் தட்டுகளுக்கான பட்டியலாகத் தொடங்கிய தளம் இது. இப்போது எல்லா வகை இசைக்கும் பட்டியலும் இதுதான், சந்தையும் இதுதான். பட்டியலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். சந்தைக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. தட்டைப் பற்றித் தெரிந்தவருக்குச் சந்தை நன்றாகவே உதவுகிறது. தெரியாதவர் அங்கே, தட்டின் நிலையைச் சொல்ல விற்பனையாளர் போடும் இரண்டெழுத்துத் தரக்குறியை நம்பிப் பணம் கட்டுகிறார்.

முதலில் பட்டியல். ஒரே பாட்டின் எல்லாப் பதிப்புகளும் ஒரு தலைப்பின் கீழ் வரும். அதற்குள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம், தட்டின் நடுவே இருக்கும் லேபிள் தாளின் படங்கள், எண்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' ஒன்றே போதும். மோட்டவுன் என்ற அமெரிக்க சோல் இசை நிறுவனத்தின் 'சோல்' என்ற துணை வெளியீட்டு லேபிளில் 1965-இல் அச்சான இந்தத் தட்டு கடைக்கு வரவே இல்லை. விளம்பரப் பிரதிகளும் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. மிஞ்சிய பிரதிகளில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கும், 2020-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கும் விலைபோனது. அதே பாட்டை 1979-இல் இங்கிலாந்தின் டாம்லா மோட்டவுன் முறையாக வெளியிட்டது. அந்தப் பிரதி சாதாரண ரசிகர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. பாடலும் பாடகரும் ஒன்றே, விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவதில் டிஸ்காக்ஸுக்கு ஈடில்லை.

அசலையும் போலியையும் பிரிப்பது அடுத்த வேலை. அமெரிக்காவில் விற்காமல் போன பாடல்கள் வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் உயிர்பெற்றன. அவற்றில் பேர்பெற்ற விகன் கசினோ 1973 முதல் 1981 வரை நடந்தது. அங்கே ஒலித்த பாட்டுக்கு மறுநாளே ஆயிரம் பேர் அலைந்தார்கள், அசலோ ஐம்பதுகூடத் தேறாது. அந்த இடைவெளியில்தான் எழுபதுகளின் கள்ளப்பதிப்புகள் முளைத்தன. அவற்றின் விற்பனையை டிஸ்காக்ஸ் அனுமதிப்பதில்லை. கள்ளப்பதிப்பு என்று பதிவான பக்கத்தில் வாங்கும் வசதியே இருக்காது. ஆனால் அதே கள்ளப்பிரதியை ஒருவர் அசலின் பக்கத்தில் தெரியாமலோ தெரிந்தோ ஏற்றிவிட்டால் தளம் தானாகக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான்.

அதற்கு லேபிளைவிட டெட் வாக்ஸ் முக்கியம். லேபிளுக்கும், முள் ஓடும் பள்ளத்தில் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே மொட்டையாக இருக்கும் வளையத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதில் பொறித்திருக்கும் எழுத்துகளை விற்கிறவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பதிப்புப் பக்கத்தின் கீழே உள்ள அடையாள எண்களோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சானது என்றால் வட்டத்துக்குள் 'எம்ஆர்' முத்திரையும், சிறு முக்கோணத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். மறுபக்கத்தில் அதே எண்ணோடு 'எக்ஸ்' சேரும். அந்த முக்கோண எண்கள் வரிசையாக ஏறியவை என்பதால் தட்டு அச்சான காலத்தையே அவற்றை வைத்துச் சொல்லிவிடலாம். மோட்டவுன் தட்டுகள் பலவற்றை அச்சிட்டது மிச்சிகன் ஓவாஸோவில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் ஆலை. அதன் 'ஏஆர்பி' குறி அங்கே தெரியும். கையால் கீறிய எண்ணைக் கண்டதும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சிறு ஊர் லேபிள்களின் அசல்களிலும் கைக்கீறல் உண்டு. பதிவில் இருப்பதும் படத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. லேபிளில் எழுத்தோரங்கள் மங்கிப் படத்திலிருந்து படம் எடுத்ததுபோல் தெரிந்தால் சந்தேகப்படலாம். அசல் ஸ்டைரினாக மட்டுமே வந்திருக்கும்போது கையில் இருப்பது வினைலாக இருந்தால் அது அசல் இல்லை.

ஸ்டைரின் என்ற சொல் வந்துவிட்டது. சோல் 45 வாங்குகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது இதைத்தான், டிஸ்காக்ஸ் மிகக் குறைவாகச் சொல்வதும் இதைத்தான். அறுபதுகளின் அமெரிக்க 45-களில் கணிசமானவை வினைல் அல்ல, பாலிஸ்டைரின். வினைலைச் சூட்டில் அழுத்தி அச்சிடுவார்கள். ஸ்டைரினை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சுவார்கள். வேகம் அதிகம், செலவு குறைவு. வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுந்திவிடும். ஸ்டைரினில் பெரும்பாலும் பிறகு ஒட்டிய தாள்தான், அதனால் ஓரம் கிளம்பும், குமிழி விடும். நகத்தால் மெல்லத் தட்டினால் ஸ்டைரின் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும், வினைலின் ஒலி மந்தம். விளிம்பும் காட்டிக்கொடுக்கும்: வினைலில் கூர்மை, ஸ்டைரினில் தட்டை.

இந்தப் பொருள் கடினமானது, ஆனால் வளைந்துகொடுக்காது. பல கிராம் எடையோடு அழுத்திய அந்தக் காலத்து முள், தேய்ந்தும் போயிருந்தால், பள்ளத்தின் சுவரைச் செதுக்கி எடுத்துவிடும். கொடுமை என்னவென்றால் மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும். கீறல் ஒன்றும் தெரியாது, ஆனால் முள்ளை வைத்ததும் பாட்டு முழுக்க 'ஸ்ஸ்' என்று இரையும். பலத்த ஒலி வரும் இடங்களில் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அது கண்ணில் படும். வானொலி நிலையங்களுக்குப் போன வெள்ளை லேபிள் விளம்பரப் பிரதிகளில் இன்னொரு காயம் உண்டு. பாட்டு தொடங்கும் இடத்தைப் பிடிக்க அறிவிப்பாளர் தட்டை முன்னும் பின்னும் சுழற்றுவார். முள் பின்னோக்கி ஓடிய அந்தச் சில அங்குலங்களில் பள்ளம் எரிந்துபோயிருக்கும். முதல் இரண்டு மூன்று விநாடி இரைச்சல், அப்புறம் தெளிவான ஒலி என்று கேட்டால் காரணம் அதுதான். பாடலின் முதல் அடியே உயிராக இருக்கும் தட்டில் அது பெரிய குறை.

இனி தரக்குறி. டிஸ்காக்ஸ் பின்பற்றுவது கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழின் அளவுகோல்: மின்ட் (புத்தம் புதியது), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), ஜி பிளஸ், ஜி (குட்), அதற்கும் கீழே ஃபேர், புவர். நியர் மின்டின் விலை நூறு என்றால் விஜி பிளஸ் ஐம்பது, விஜி இருபத்தைந்து, ஜி பத்திலிருந்து பதினைந்து என்பது கோல்ட்மைன் கணக்கு. இங்கிலாந்து விற்பனையாளர்களில் பலருக்குக் கைவந்தது ரெக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோல். அதில் மின்டுக்கு அடுத்தது 'எக்ஸலன்ட்', பிறகுதான் விஜி. தளம் ஒன்றைக் கேட்க, பழக்கம் இன்னொன்றை எழுதும். அதனால் எழுத்தைவிடக் குறிப்பைப் படியுங்கள். 'பிரகாசமான வெளிச்சத்தில் பார்த்துத் தரமிட்டது' என்று இருந்தால், ஓட்டிக் கேட்கவில்லை என்று பொருள். வினைலுக்கு அது ஓரளவு போதும். ஸ்டைரினுக்குப் போதவே போதாது. 'டபிள்யூஓஎல்' என்றால் லேபிளில் பேனா எழுத்து, 'எஸ்ஓஎல்' என்றால் ஸ்டிக்கர். லேபிளைத் துளைத்த சிறு ஓட்டை, கடையில் விற்காமல் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டதன் அடையாளம். இவை மூன்றும் ஒலியைத் தொடுவதில்லை. பேனா எழுத்துக்காக விலை குறைந்து, பள்ளம் நன்றாக இருக்கும் பிரதியே கேட்பதற்காக வாங்குகிறவருக்கு லாபமான பேரம். உறையின் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்க சோல் 45-கள் பெரும்பாலும் லேபிளின் பொது உறையிலோ வெள்ளைத் தாள் உறையிலோதான் வந்தன.

விலை பார்க்கும் இடத்தில் தளம் குறைந்தபட்சம், நடுமதிப்பு, அதிகபட்சம் என்று மூன்று எண்களைக் காட்டும். அந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நியர் மின்டும் ஜி-யும் கலந்து வந்த எண்கள் அவை. தபால் செலவும் அதில் சேராது. விற்பனை வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு விற்பனையின் தேதி, தரம், விலை தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய தரத்தின் வரிகளை மட்டும் எடுத்து, கடைசி இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். லட்சக்கணக்கில் விற்ற மோட்டவுன் வெற்றிப் பாடல்களுக்கு இந்த முறை கச்சிதமாக வேலை செய்யும். வாஷிங்டனின் ஷ்ரைன் போன்ற சிறு லேபிளில் வந்த தட்டுக்குச் செய்யாது. மொத்தமே மூன்று நான்கு விற்பனை இருக்கும்போது நடுமதிப்பு என்பதற்குப் பொருள் இல்லை. அங்கே கோல்ட்மைன் சதவீதமும் தளர்ந்துவிடும், ஏனென்றால் நியர் மின்ட் பிரதி யாரிடமும் இல்லாதபோது விஜி பிரதிக்கே போட்டி நடக்கும். அத்தகைய தட்டுகளுக்கு ஈபே ஏல முடிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் பாப்சைக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இப்போது விற்பனைக்கு இருக்கும் விலையை மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் தூங்கும் விலை அதில் நிறைய.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதைச் சுருக்கமாகக் கேட்டால் நல்லவர்கள் பதில் தருவார்கள். இரு பக்க டெட் வாக்ஸ் படம், சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளத்தின் படம், தட்டைச் சுழல்மேடையில் வைத்துக் கண்மட்டத்தில் எடுத்த படம். இந்தக் கடைசிப் படத்தில்தான் வளைவு தெரியும். கூடவே முதல் இருபது விநாடியும் கடைசி இருபது விநாடியும் பதிவுசெய்த ஒலித்துண்டு. கடைசி எதற்கு என்றால், 45-இல் வெளி விளிம்பருகே விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது சுமார் 25 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே ஒலி அலை குறுகிய இடத்தில் நெருங்கி நிற்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் கரகரக்கும். நூறு டாலருக்கு மேற்பட்ட தட்டுக்கு இந்த ஒலித்துண்டைத் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். பின்னூட்டத்தில் சதவீதத்தைப் பார்த்து நின்றுவிடாமல், குறைகூறிய வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். 'தரம் கூட்டிப் போட்டிருக்கிறார்' என்று மூன்று பேர் சொல்லியிருந்தால் 99 சதவீதத்துக்கு மதிப்பில்லை.

பொதிவு பற்றியும் முன்பே எழுதிக் கேளுங்கள். நெளி அட்டை இரண்டு, ஒன்றின் வரி நீளவாக்கிலும் மற்றதன் வரி குறுக்கவாக்கிலும் இருக்கும்படி தட்டின் இரு புறமும் வைக்க வேண்டும். ஒரே அட்டை அதன் வரியோடு மடங்கும். வினைல் கூடவே வளைந்து தப்பிக்கும், ஸ்டைரின் விளிம்பிலிருந்து மயிரிழையாகப் பிளக்கும். அந்தப் பிளவு சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்கும், பிறகு தானே நீளும்.

வாங்குகிறவர் தளத்துக்குத் தனிக் கட்டணம் தருவதில்லை. விற்கிறவரிடமிருந்து தபால் செலவையும் சேர்த்து 9 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அது விலையில் ஏறித்தான் வரும், ஆகவே விலை பேசும் பொத்தான் இருக்கும் பிரதிகளுக்கு வரலாற்று விலையைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தவறில்லை. நூறு டாலருக்குக் கீழே உள்ள சோல் 45-களுக்கு டிஸ்காக்ஸைத் தயக்கமின்றிச் சொல்லலாம். ஐந்நூறுக்கு மேலே போனால் தட்டை ஓட்டிப் பார்த்துத் தரமிடும் சோல் சிறப்பு வணிகர்களிடம் கூடுதல் விலை கொடுப்பதே மலிவு.

தட்டு வந்ததும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, விளிம்பை விளக்கின் முன் ஒரு முழுச் சுற்று பாருங்கள். ஸ்டைரினாக இருந்தால் ஆல்கஹால் கலந்த துப்புரவுத் திரவத்தைத் தவிர்த்து, காய்ச்சி வடித்த நீரால் துடையுங்கள், லேபிளில் ஈரம் படக்கூடாது. கூம்பு முனை முள்ளால் ஓட்டிக் கேளுங்கள். சொன்னதற்கும் வந்ததற்கும் பொருந்தவில்லை என்றால் அன்றே படத்தோடும் ஒலித்துண்டோடும் விற்றவருக்கு எழுதுங்கள். பேபால் வழியாகக் கட்டியிருந்தால் அதன் கெடுவுக்குள் அங்கேயும் முறையிடலாம். ஆனால் பலமுறை ஓட்டிய பிறகு சொல்லும் புகாரை எந்த விற்பனையாளரும் ஏற்கமாட்டார்.